பத்து என்றால் எத்தனை?

என் பழைய மவுண்டன் பைக்கின் ஃபோர்க்குக்கு, அதாவது முன்சக்கரத்தின் அதிர்ச்சி தாங்கிக்கு, வீட்டிலேயே முதல் தடவை ஆயில் மாற்றி முடித்ததும், ஹேண்டில்பாரைப் பிடித்து நாலு முறை அமுக்கிப் பார்த்தேன். மெத்தென்று இறங்கியது, மெத்தென்று ஏறியது. எங்கேயும் சொட்டுக் கசிவு இல்லை. மேஜை மேல் ஒரு போல்ட்டும் மிச்சமில்லை. அதுவே பெரிய சாதனையாகத் தோன்றியதால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை, வழக்கமாகப் போகும் இறக்கத்தில் விட்டேன். மரவேர்கள் படிக்கட்டு போல வரிசையாகக் குறுக்கே ஓடும் இடம் அது. முதல் வேரை ஃபோர்க் விழுங்கிவிட்டது. இரண்டாவதில் லேசாக இடித்தது. நாலாவது, ஐந்தாவது வேருக்கு வந்தபோது ஃபோர்க் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை; அடி முழுவதும் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. கீழே இறங்கி நின்று கையை உதறிக்கொண்டு, ஃபோர்க் நிமிரும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் குமிழை, வேகத்தைக் குறிக்கும் முயல் படம் போட்ட பக்கம் கடைசிவரை திருப்பினேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று இப்போது சொல்வது எளிது. அமுங்கிய ஃபோர்க் அடுத்த வேர் வருவதற்குள் முழுதாக நிமிர வேண்டும். நிமிர நேரமில்லாமல் பாதியில் நிற்கும்போதே அடுத்த அடி விழுந்தால் இன்னும் கீழே போகும். அதற்கடுத்த அடிக்கு இன்னும் கீழே. ஐந்து வேர் தாண்டுவதற்குள் 120 மில்லிமீட்டர் பயணம் கொண்ட ஃபோர்க் 40 மில்லிமீட்டர் ஃபோர்க் ஆகிவிடும். ஆனால் அன்றைக்கு எனக்கு இது உறைக்கவில்லை. டயரில் காற்று அதிகம் என்று நினைத்துக் குறைத்தேன். ஃபோர்க்கைத் தாங்கும் ஏர் ஸ்பிரிங்கில் காற்று குறைவு என்று நினைத்து ஏற்றினேன். கடைசியில் எனக்குத்தான் வயசாகிவிட்டது என்று முடிவுகட்டினேன். ஆயில் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. வராததற்குக் காரணம் இருந்தது: பழைய பாட்டிலிலும் 10 என்று போட்டிருந்தது, புதிய பாட்டிலிலும் 10 என்றுதான் போட்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து வேறு எதற்கோ அலமாரியைக் குடைந்தபோது இரண்டு பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் தயாரிப்பாளர் வெளியிட்ட தொழில்நுட்பத் தாளைத் தேடி எடுத்தேன். ஆயிலின் கெட்டித்தன்மையை, அதாவது பாகுநிலையை, அளக்கும் அலகு சென்டிஸ்டோக்ஸ். 40 டிகிரி செல்சியஸில் பழையது 33 சென்டிஸ்டோக்ஸ். புதியது 47. அதாவது நாற்பது சதவீதத்துக்கும் மேல் கெட்டியான ஒன்றை, அதே ஆயில் என்று நினைத்து ஊற்றியிருக்கிறேன்.

ஃபோர்க் ஆயில் வாங்கப் போகும் யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: பாட்டிலின் முகப்பில் இருக்கும் 5, 7, 10, 15 என்ற வெயிட் எண் ஓர் அளவு இல்லை. எஞ்சின் ஆயிலுக்கு எஸ்ஏஇ ஜே300 என்று ஒரு தரநிலை இருக்கிறது. 30 என்று போட்டால் 100 டிகிரியில் பாகுநிலை இன்ன வரம்புக்குள் இருந்தாக வேண்டும் என்று அது கட்டிப்போடுகிறது. ஃபோர்க் ஆயிலுக்கு அப்படிக் கட்டிப்போட ஆளில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன்னுடைய வரிசைக்குள் 5 நீர்த்தது, 10 நடுத்தரம், 15 கெட்டி என்று அடுக்கிக்கொள்கிறது. ஒரு வீட்டுக்குள் மூத்தவன், நடுவன், இளையவன் என்று அழைப்பது போல. இந்த வீட்டு இளையவனுக்கும் அந்த வீட்டு மூத்தவனுக்கும் ஒரே உயரம் இருக்கலாம். 5 என்று விற்கப்படும் ஆயில்களில் 40 டிகிரியில் 16 சென்டிஸ்டோக்ஸும் உண்டு, 27 சென்டிஸ்டோக்ஸை ஒட்டியதும் உண்டு.

அதனால் பார்க்க வேண்டியது சென்டிஸ்டோக்ஸ். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் பெயரில் வந்த அலகு. 20 டிகிரியில் தண்ணீர் கிட்டத்தட்ட 1 சென்டிஸ்டோக்ஸ் என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் மனக்கணக்கில் பிடிபட்டுவிடும். சில பாட்டில்களில் ஐஎஸ்ஓ 15, ஐஎஸ்ஓ 32 என்று போட்டிருக்கும். அது நம்பக்கூடிய எண். 40 டிகிரியில் அத்தனை சென்டிஸ்டோக்ஸ், பத்து சதவீதம் முன்பின் என்று பொருள். ஃபோர்க் தயாரிக்கும் ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஆர்3 ஆயிலில் 5 வெயிட் என்பதோடு ஐஎஸ்ஓ 15 என்றும் சேர்த்து எழுதியிருப்பார்கள். இப்படி எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ராக்‌ஷாக்ஸ் என்ற ஃபோர்க் நிறுவனம் தன் ஃபோர்க்குகளின் கீழ்ப்பகுதிக்கு 0டபிள்யூ-30 ஊற்றச் சொன்னபோது, பூஜ்யத்தைப் பார்த்து அது 5 வெயிட்டை விட நீர்த்தது என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். அது எஞ்சின் ஆயில் முறையில் வரும் எண். அந்த டபிள்யூ, வின்டர் என்ற குளிர்காலக் குறி. கடும் குளிரில் எவ்வளவு இளகிய நிலையில் இருக்கும் என்பதைத்தான் பூஜ்யம் சொல்கிறது. 40 டிகிரியில் வைத்துப் பார்த்தால் ஃபோர்க்கின் அசைவை அடக்கும் 5 வெயிட் டேம்பர் ஆயிலை விட அது சில மடங்கு கெட்டி. கியர் ஆயில் எண்கள் இன்னொரு தனி உலகம். அங்கே 75டபிள்யூ-90 என்று பயமுறுத்தினாலும் சூட்டில் அதன் பாகுநிலை 40 அல்லது 50 நம்பர் எஞ்சின் ஆயிலுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். மூன்று அளவுகோல், மூன்றிலும் எண்கள், ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை கிடையாது.

தாள் கிடைக்காத ஆயில் என்றால் என்ன செய்வது? நான் ஒரு சின்ன வேலை செய்கிறேன். பத்து மில்லி சிரிஞ்சில் தடித்த, மொட்டையான ஊசியைப் பொருத்தி, பிஸ்டனை உருவி எறிந்துவிட்டு, ஒரு கிளிப்பில் செங்குத்தாக நிறுத்துகிறேன். ஊசி முனையை விரலால் மூடிக்கொண்டு மேல் கோடுவரை ஆயிலை ஊற்றி, விரலை எடுத்ததும் போனில் ஸ்டாப்வாட்ச். ஆயில் 5 மில்லி இறங்கிக் கீழ்க்கோட்டைத் தொடும்வரை எவ்வளவு நேரம்? என் பழைய 10 ஒரு நிமிடம் 52 நொடியில் இறங்கியது. புதிய 10 எடுத்துக்கொண்டது இரண்டு நிமிடம் 36 நொடி. வகுத்துப் பார்த்தால் 1.4. தாளில் இருந்த 47ஐ 33ஆல் வகுத்தாலும் அதே 1.4.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் கண்ணாடி நுண்குழாய் வழியே எடையின் இழுப்பில் ஆயிலை இறங்கவிட்டு நேரம் பார்ப்பதுதான் சென்டிஸ்டோக்ஸ் அளக்கும் முறையே. அவர்கள் வெப்பநிலையை நூலிழை பிசகாமல் பிடித்து வைப்பார்கள். நாம் அந்த அளவுக்குப் போக முடியாது. ஆனால் இரண்டு ஆயிலையும் ஒரே அறையில் ஓர் இரவு வைத்துவிட்டு, ஒரே சிரிஞ்சில், ஒரே ஊசியில், அடுத்தடுத்து ஓடவிட்டால் எது எத்தனை மடங்கு கெட்டி என்று ஓரளவு தெரிந்துவிடும். முதல் ஆயிலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஊசியை நன்றாகத் துடைக்கவேண்டும். நான் ஒருமுறை மறந்து, குழம்பி, முழுதும் திரும்பச் செய்தேன்.

சரி, ஃபோர்க்குக்குள் வருவோம். அதை ஒரே பொருளாக நினைத்து ஒரே ஆயில் தேடுவதில்தான் அடுத்த குளறுபடி. பளபளவென்று வழவழப்பாக இருக்கும் மேல் குழாய்கள் இரண்டு. அவற்றின் மேல் ஏறி இறங்கும் கீழ்க்கால்கள் இரண்டு; இதை லோயர் என்பார்கள். பெரும்பாலான ஃபோர்க்குகளில் ஒரு குழாய்க்குள் ஸ்பிரிங், அது காற்றோ கம்பிச்சுருளோ. இன்னொரு குழாய்க்குள் டேம்பர். டேம்பருக்குள் இருக்கும் ஆயில் துளைகள் வழியாகவும் மெல்லிய ஷிம் தகடுகளை விலக்கிக்கொண்டும் நெருக்கியடித்துப் போகிறது. அந்த நெருக்கடியில்தான் அடியின் வேகம் வெப்பமாகிக் கரைகிறது. இந்த ஆயில் ஃபோர்க்கின் ஒரு பாகம் மாதிரி. லோயருக்குள் ஊற்றும் ஆயிலின் வேலை வேறு. அது உள்ளே குழாய் வழுக்கி ஓடும் வளையங்களான புஷ்களையும், ஆயிலை உறிஞ்சி வைக்கும் ஃபோம் ரிங்கையும், தூசு சீலையும் நனைத்து வைத்திருந்தால் போதும். எதையும் அடக்கவோ தாமதப்படுத்தவோ அதற்குக் கடமை இல்லை.

என் கருத்து, இவ்வளவு வருடம் கையை அழுக்காக்கிக்கொண்ட பிறகு, இதுதான்: டேம்பர் ஆயிலில் கறாராக இருங்கள், லோயர் ஆயிலில் பிராண்ட் சண்டை போடாதீர்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லோயருக்கு எந்தப் பொன்னிற ஆயில் உசத்தி என்று மணிக்கணக்கில் வாதாடிவிட்டு, டேம்பருக்குள் கையில் கிடைத்த 10ஐ ஊற்றுகிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

டேம்பருக்கு எது? முதலில் உங்கள் ஃபோர்க்கின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய சர்வீஸ் கையேடு. அதில் சொன்ன ஆயிலையே வாங்க முடிந்தால் வேறு யோசனையே வேண்டாம். கிடைக்கவில்லையா? அந்த ஆயிலின் தாளை எடுத்து, 40 டிகிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒன்றிரண்டு சென்டிஸ்டோக்ஸ் முன்பின் இருக்கும் வேறொன்றைத் தேடுங்கள். வெயிட் எண் பொருந்துகிறதா என்று பார்க்கவே பார்க்காதீர்கள். ஆயில் கெட்டியானால் ரீபவுண்ட் (நிமிர்வது), கம்ப்ரெஷன் (அமுங்குவது) இரண்டுமே மெதுவாகும், ஆனால் ஒரே அளவில் ஆகாது. மெதுவான அசைவில், குறுகலான ஊசித் துளைகளில், பாகுநிலையின் ஆட்சி அதிகம். வேகமான அடியில் ஷிம்களின் விறைப்புக்குக் கை ஓங்கும். அதனால் ஆயிலை மாற்றிக் குமிழின் வேலையைச் செய்யவைப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போலத்தான்.

ஆனால் குமிழ் எட்டாத இடத்தில் ஆயில் கைகொடுக்கும். எங்களோடு ஓட்டும் பெண் ஒருவருக்கு 48 கிலோ எடை. அவருக்கு ஏற்ற மாதிரி ஏர் ஸ்பிரிங்கில் காற்றைக் குறைவாக வைத்திருந்தோம்.

“அண்ணா, ரீபவுண்டை முழுசாத் திறந்துட்டேன். இன்னும் ஆமை மாதிரிதான் மேலே வருது. ஃபோர்க்கே பழுதா?”

“பழுதெல்லாம் இல்லம்மா. உனக்குக் காத்து கம்மி. தள்ளிவிட ஆள் கம்மின்னா அதே ஆயில் உனக்குக் கெட்டிதான்.”

ஃபோர்க்கை நிமிர்த்துவது ஸ்பிரிங். லேசான ஆளுக்கு ஸ்பிரிங் மென்மை, ஆகவே நிமிர்த்தும் விசையும் குறைவு. தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலோ நடுத்தர எடைக்காரரை மனதில் வைத்தது. அவருடைய ஃபோர்க்கில் ஒரு படி நீர்த்த ஆயிலை மாற்றியதும் குமிழ் நடுவில் வந்து நின்றது. இரண்டு பக்கமும் திருப்ப இடமிருந்தது. நூறு கிலோவைத் தாண்டியவருக்கு நேர் எதிர்: குமிழை முழுக்க மூடியும் ஃபோர்க் துள்ளுகிறது என்றால் ஒரு படி கெட்டியான ஆயில். குமிழ் எந்தப் பக்கமாவது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதுதான் கேள்வி. நடுவில் எங்கேயாவது நின்றால் ஆயிலைத் தொடாதீர்கள்.

நடுவிலான ஒரு பாகுநிலை வேண்டும் என்றால் இரண்டை கலக்கலாம். ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் இருக்கும் இரண்டை மட்டும். வேறு வேறு குடும்பத்து வேதிப்பொருட்களை ஒன்றாகக் கட்டிப்போடுவது தேவையில்லாத வம்பு. கணக்கு நேர்க்கோட்டில் போகாது என்பதை நினைவில் வையுங்கள். 15ஐயும் 33ஐயும் பாதிக்குப் பாதி கலந்தால் நடுவில் 24 வரும் என்று தோன்றும். வருவது 22 பக்கம்தான். நீர்த்ததன் இழுப்பு எப்போதும் கொஞ்சம் அதிகம்.

வெப்பநிலையையும் ஒரு கண் பார்க்க வேண்டும். தாளில் பாகுநிலைக் குறியீட்டெண் என்று ஒன்று இருக்கும். எண் பெரிதாக ஆக, குளிரிலும் சூட்டிலும் ஆயில் குணம் மாறாமல் இருக்கும். சாதாரணக் கனிம ஆயிலுக்கு இது 100ஐ ஒட்டி இருக்கும். 40 டிகிரியில் 32 சென்டிஸ்டோக்ஸ் உள்ள அப்படி ஒன்று 20 டிகிரியில் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு கெட்டியாகிவிடும். 300ஐத் தாண்டிய நல்ல சஸ்பென்ஷன் ஆயில் அதே குளிர்ச்சியில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே போவதோடு நிற்கும். காலை ஏழு மணிக்குக் கட்டையாக இருந்து பத்து மணிக்கு உயிர் பெறும் ஃபோர்க்கைப் பார்த்திருப்பீர்கள். பல சமயம் அந்த மாற்றம் இந்த எண்ணுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஆனால் எண்ணைத் தூக்கிப் பிடிப்பதற்காகச் சேர்க்கும் நீளமான மூலக்கூறுகள் துளைகளில் அடிபட்டு நாளடைவில் அறுந்துபோகும். எவ்வளவு உசத்தியான டேம்பர் ஆயிலுக்கும் ஆயுள் உண்டு என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டேம்பரில் இரண்டு சாதி. திறந்த குளியல் வகையில் ஆயில் குழாய்க்குள் சும்மா நிற்கும், மேலே காற்று இருக்கும். இங்கே எவ்வளவு ஊற்றுகிறோம் என்பது எதை ஊற்றுகிறோம் என்பதற்குச் சமமாக முக்கியம். கையேடு மில்லி கணக்கிலோ, குழாயின் விளிம்பிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் கீழே என்றோ சொல்லும். வீட்டில் முதலில் கைவைக்க உகந்தது இதுதான். அடைத்த கார்ட்ரிட்ஜ் வகையில் காற்று ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. அதை நிரப்பி, காற்றை வெளியேற்றிச் சீராக்க சிரிஞ்ச், பொருத்தமான இணைப்பு, பொறுமை மூன்றும் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு லோயரோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

லோயருக்கு வருகிறேன். இங்கே ஆயிலுக்குத் தேவையான குணம் ஒட்டிக்கொண்டு நிற்பது. பைக் ஓர் இரவு நின்றால் ஆயில் முழுக்கக் கீழே வடிந்துவிடும். காலையில் முதல் அடி விழும்போது புஷ் மேல் ஒரு மெல்லிய படலமாவது மிச்சம் இருக்க வேண்டும். அதனால்தான் டேம்பரை விடக் கெட்டியான ஆயிலை இங்கே பயன்படுத்துகிறார்கள். ராக்‌ஷாக்ஸ் கையேடுகள் பல வருடம் 15 வெயிட் என்றன, பிறகு 0டபிள்யூ-30 என்றன. ஃபாக்ஸ், 20 வெயிட் கோல்ட் என்று பிசுபிசுப்பான ஒன்றை வைத்திருக்கிறது. எண்கள் மூன்று மாதிரி இருந்தாலும் சொல்ல வருவது ஒன்றேதான்: நல்ல சிந்தெடிக், ஓரளவு கெட்டி, உலோகத்தில் ஒட்டும்.

அப்படியென்றால் காருக்கு ஊற்றும் எஞ்சின் ஆயிலை ஊற்றலாமா? கேட்காத ஆளில்லை. முழு சிந்தெடிக் எஞ்சின் ஆயிலை லோயரில் ஊற்றிப் பல வருடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒரு சீசன் ஓட்டினேன், கெடுதல் எதையும் பார்க்கவில்லை. ஆனால் சஸ்பென்ஷனுக்கென்றே செய்த ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் உண்டு. முதல் சில மில்லிமீட்டர் அசைவில் ஃபோர்க் ஒட்டிக்கொண்டு நின்று பிறகு தாவுகிற அந்தக் குணம் அதில் குறைவாக இருந்தது. ஒரு தடவைக்கு ஸ்பூன் கணக்கில்தான் ஊற்றப்போகிறோம். அதில் போய்ச் சிக்கனம் பிடிப்பது எனக்குப் பிடிபடவில்லை. கியர் ஆயில் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன், வேண்டாம். ஜிஎல்-5 வகை கியர் ஆயிலில் பற்சக்கரங்களுக்காக கந்தகச் சேர்க்கைகள் இருக்கும். அவை செம்பு கலந்த உலோகங்களை அரிக்கக்கூடும். ஃபோர்க் புஷ்ஷின் உள்ளே டெஃப்லான் பூச்சுக்கு அடியில் இருப்பது வெண்கலம்.

அளவில்தான் நான் இரண்டாவது முறை கையைச் சுட்டுக்கொண்டேன். கையேடு ஒவ்வொரு காலுக்கும் 10 மில்லி என்றது. இவ்வளவு பெரிய காலுக்கு இத்துனூண்டா, கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள் என்று நினைத்து 30 மில்லி ஊற்றினேன். நிறைய இருந்தால் நல்லதுதானே? மேல் குழாயில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும், ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று காட்டிக்கொடுப்பது. அது முன்பெல்லாம் பெரிய குதிப்புக்குப் பிறகு உச்சியைத் தொட்டு நிற்கும். இப்போது உச்சிக்கு விரல் அகலம் கீழேயே நின்றுவிட்டது. காற்றைக் குறைத்தாலும் அங்கேயேதான். லோயருக்குள் ஆயில் போக மிச்ச இடத்தில் காற்று அடைபட்டிருக்கிறது. ஃபோர்க் இறங்கும்போது அந்தக் காற்றும் அமுங்குகிறது. நான் கூடுதலாக ஊற்றிய ஆயில் அந்தக் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இடம் குறையக் குறைய, கடைசிச் சில சென்டிமீட்டரில் அழுத்தம் எகிறும். நான் எனக்கே தெரியாமல் இன்னொரு ஏர் ஸ்பிரிங் பொருத்தியிருக்கிறேன். ஆகவே மில்லியைச் சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். இரண்டு காலுக்கும் ஒரே அளவு என்று நினைக்காதீர்கள். சில மாடல்களுக்கு டேம்பர் பக்கம் ஒன்று, ஸ்பிரிங் பக்கம் வேறு.

உள்ளே போகவே கூடாதவை சில. பிரேக்குக்கான டாட் திரவம் ஃபோர்க்கின் நைட்ரைல் ரப்பர் சீலுக்கு ஆகாது. தலைகீழாகவும் அப்படித்தான்: டாட் பிரேக்கின் சீல் வேறு ரப்பர், அதில் கனிம ஆயில் பட்டால் ஊதிப் போய்விடும். ஒரே மேஜையில் இரண்டு வேலையையும் ஒரே சிரிஞ்சால் செய்யாதீர்கள். துருவிலக்கும் ஸ்பிரேயை மேல் குழாயில் அடித்துப் பளபளப்பாக்குவது இன்னொரு கெட்ட பழக்கம். அதில் பெரும்பகுதி கரைப்பான். சீலுக்குள் இருக்கும் நல்ல ஆயிலையும் சேர்த்துக் கழுவிவிடும். இரண்டு நாள் வழுக்கும், மூன்றாம் நாள் கீச்சிடும்.

லோயர் சர்வீஸ் எப்படி என்று முழுக்கச் சொல்லப்போவதில்லை, கையேடு படம் போட்டே விளக்கும். ஆனால் சில விஷயங்கள் கையில் பட்டால்தான் தெரியும். காற்றை இறக்குவதற்கு முன் எத்தனை பிஎஸ்ஐ இருந்தது என்று எழுதி வையுங்கள். மறந்துவிடுவோம், நான் மறந்தேன். சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் காலிப்பரையும் கழற்றி ஒரு பையில் கட்டித் தள்ளித் தொங்கவிடுங்கள். ஒரே ஒரு சொட்டு ஃபோர்க் ஆயில் பேடில் பட்டால், பிறகு எவ்வளவு துடைத்தாலும் பிரேக் ஊளையிடுவதை நிறுத்தாது. அடிப்பக்க போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் நாலு சுற்று மட்டும் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டினால், உள்ளே டொக்கென்று ஒரு சத்தம் கேட்கும். தண்டு லோயரை விட்டு விலகிய சத்தம் அது. அதற்குப் பிறகுதான் கீழே டப்பா, போல்ட் வெளியே.

வடிந்து வரும் ஆயிலை உடனே கொட்டிவிடாதீர்கள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறம் என்றால் சாதாரணத் தேய்மானம். மினுமினுவென்று உலோகப் பொடி நிறைய மின்னினால் புஷ்ஷையும் மேல் குழாயின் பூச்சையும் கவனிக்க வேண்டிய நேரம். பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சீல் போய்விட்டது, அல்லது யாரோ பைக்கை உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவியிருக்கிறார்கள். ஒரு தடவை என்னுடையதில் ஒன்றுமே வரவில்லை. இரண்டு காலிலிருந்தும் சேர்த்து ஒரு சொட்டு. அப்போது ஃபோம் ரிங்கை எடுத்து விரலால் பிழிந்தேன்; கறுத்த பசை மாதிரி ஏதோ வந்தது, ஈரம் இல்லை. அந்த ஃபோர்க் எத்தனை மாதமாக வறண்டு ஓடியதோ.

ஃபோம் ரிங்கைக் கழுவிக் காயவைத்து, புது ஆயிலில் ஊறப்போட்டு, சொட்டச் சொட்ட மாட்ட வேண்டும். சீலின் உள் உதட்டில் ஃபோர்க்குக்கான மெல்லிய கிரீஸ் ஒரு கோடு. அப்புறம் ஃபோர்க்கைச் சாய்த்துப் பிடித்து, அடிப்பக்கத் துளை வழியாகச் சிரிஞ்சால் ஆயில். சாய்க்காமல் நேராகப் பிடித்தால் ஊற்றியது அப்படியே உங்கள் செருப்புக்கு வந்துவிடும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? ராக்‌ஷாக்ஸ் லோயருக்கு 50 மணி நேர ஓட்டம் என்கிறது, டேம்பருக்கு 200 மணி நேரம். ஃபாக்ஸ் முழு சர்வீஸுக்கு 125 மணி நேரம் அல்லது வருடம் ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அது. சேற்றிலும் தூசியிலும் ஓட்டுகிறவர்கள் இதைவிட முன்னதாகவே திறக்கலாம். லோயர் ஆயிலுக்கு எந்த பிராண்ட் என்று என்னைக் கேட்டால், எது கையில் இருந்தால் நீங்கள் தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஃபோர்க்கைத் திறப்பீர்களோ அது. வடித்த பழையதைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

என் பழைய ஃபோர்க்கின் கதை மிச்சமிருக்கிறது. டேம்பரை மறுபடி திறந்து, 47ஐ வடித்து, 33 சென்டிஸ்டோக்ஸ் ஆயிலை மட்டம் பார்த்து ஊற்றினேன். அதே இறக்கம், அதே வேர்கள். ஏழாவது வேரைத் தாண்டும்போதும் ஃபோர்க் முதல் வேரில் இருந்த உயரத்திலேயே இருந்தது. ரீபவுண்ட் குமிழை முயலிடமிருந்து ஆறு கிளிக் பின்னால் கொண்டுவர வேண்டியிருந்தது.

முக்கால் பாட்டில் மிஞ்சிய அந்த 47ஐத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அதன் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது: வேறு நிறுவனங்கள் 15 வெயிட் என்று விற்பது ஏறத்தாழ இதே பாகுநிலையைத்தான். லோயருக்குக் கையேடு கேட்டதும் 15தானே. முகப்பில் இருந்த 10ஐ மார்க்கரால் அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக 47 என்று எழுதி, அதற்குக் கீழே ‘லோயருக்கு மட்டும்’ என்று போட்டேன். இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு சர்வீஸுக்கு வரும்.